வெள்ளைக் கப்பல், நீலக் கப்பல்

"கப்பலுக்குள்ளை குடிவகை விக்கிறவையோ, தம்பி?"

கேட்டவர் சண்முகலிங்கம். பக்கத்தில் மனைவி கனகேஸ்வரி. அவருக்கும் அப்பால் மகள் அருந்ததி.

கொழும்பு வெள்ளவத்தையில் அந்தப் பயண முகவர் கந்தோரில் உல்லாசக் கப்பல்களுக்கென்று ஒரு மேசை இருந்தது. அதன் பின்னால் ஸமீம் ஈ ஓட்டத் தொடங்கி மாதக்கணக்காகிவிட்டது. யுத்தத்தால் நகர மையமான கோட்டைக்குப் போய்வரவே சோதனைச்சாவடிகளில் பையைத் திறந்து காட்டவேண்டிய காலம். சிங்கப்பூருக்குப் போய்க் கப்பலேறி உல்லாசம் அனுபவிக்க யாருக்கு மனம் வரும்? இந்த மாதமும் ஒரு கேபின் விற்காவிட்டால் வேறு வேலை தேடிக்கொள் என்று முதலாளி சொல்லியிருந்தார். முதலாளி பகிடி விடுகிற ஆள் இல்லை. வீட்டில் மனைவி ரபீக்கா நிறைமாதம். இவர்கள் மூவரையும் கண்டதும் ஸமீமுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வரப் பார்த்தது.

வந்தவர்களுக்கு இரண்டு கப்பல்களைப் பற்றி மட்டும் தெரிந்தால் போதுமாம். அவன் விரித்த படங்களில் ஒன்று வெள்ளை, மற்றது நீலம். அவன் எடுத்து நீட்டிய மூன்றாவது படத்தைச் சண்முகலிங்கம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் யாரோ இந்த இரண்டையும் சொல்லிவிட்டிருப்பார்கள் என்று ஸமீம் நினைத்தான்.

வெள்ளைக் கப்பல் தங்கமான கப்பல். அதனாலேயே அடுத்த வருடம்வரை அதில் ஒரு கட்டில்கூட மிச்சமில்லை. நீலத்தில் வேண்டிய மட்டும் இடம் இருந்தது. கிழட்டுக் கப்பல், விடியவிடியச் சூது, நடுக்கடலில் எஞ்சின் படுத்துவிடும். உண்மையைச் சொன்னால் எழும்பிப் போய்விடுவார்கள். ஸமீம் தொண்டையைச் செருமினான்.

வெள்ளையில் தளத்துக்குத் தளம் பார் இருக்கிறது என்றான். நீலம் குடும்பக் கப்பல், குடிவகையின் வாடையே கிடையாது. கனகேஸ்வரி ஆட்டம்பாட்டம் உண்டோ என்று விசாரித்தார். நீலத்தில் இரவுச் சாப்பாட்டோடு எல்லாரும் படுத்துவிடுவார்கள் என்றான். மரக்கறிச் சமையலுக்குத் தனிக் குசினியும் வாயாலேயே கட்டிக்கொடுத்தான். ஒவ்வொன்றுக்கும் அந்த மனுசி நிம்மதியாகத் தலையாட்டியபோது அவனுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. ரபீக்காவை நினைத்துக்கொண்டு அடுத்த பொய்யைச் சொன்னான்.

அருந்ததி வெள்ளைக் கப்பலின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"புயல் வந்தால் எது தாங்கும்?"

"நீலம்தான் மிஸ். கண்ண மூடிட்டு நம்பலாம்."

தாயும் தகப்பனும் வாசலடிக்குப் போய்க் குசுகுசுத்தார்கள். திரும்பி வந்த சண்முகலிங்கத்தின் முகம் தெளிந்திருந்தது.

"நீலம்தான் எண்டு தீர்மானிச்சிட்டம், தம்பி. பெரிய உதவி."

ஸமீமுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேனையைத் திறந்தான்.

"மூணு பேருக்கும் ஒரே கேபினா போடவா, அங்கிள்?"

"நாங்கள் எங்கை போறது? பிள்ளைக்கு ரெண்டு சம்பந்தம் வந்திருக்கு. ரெண்டு பெடியளும் கப்பல் எஞ்சினியர்மார். ஒருத்தர் வெள்ளையிலை, மற்றவர் நீலத்திலை. சாதகமும் ரெண்டும் பொருந்துது. அதுதான், வேலை செய்யிற இடம் எப்பிடி எண்டு விசாரிக்க வந்தனாங்கள்."

ஸமீம் திறந்த பேனையை மூடினான். கனகேஸ்வரி அவன் மேசைத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"குறை நினையாதேங்கோ தம்பி, ஒரு கோல் எடுக்கிறன். அந்த வெள்ளைக் கப்பல்காரர் வீட்டுக்கு வேண்டாமெண்டு இப்பவே சொல்லிவிடுவம்."