விசிறி ஏறும் சத்தம்

கணினித் திரையில் அந்தக் கட்டத்தில் இருந்த டிக்கை அவர் காதும் காதும் வைத்தாற்போல எடுத்துவிட்டார்.

மகள் கண்ணயர்ந்திருந்தாள். அவள் வலது கை எப்போதும்போல மவுசின் மேல் கிடந்தது. அந்தக் கையை அசைக்கக்கூடாது என்பதற்காகவே பட்டறையிலிருந்து ஒரு பழைய மவுசைக் கொண்டுவந்து செருகியிருந்தார்.

'கணினியை யாராவது பயன்படுத்தும்போது கணக்கை நிறுத்தி வை' என்பதுதான் அந்தக் கட்டம். இனி எதற்காகவும் நிற்காது.

இதைக் கணினியில் போட்டதே மகளின் பிடிவாதத்தால்தான். வீட்டுக் கணினிகள் சும்மா இருக்கும் நேரத்தில், ஆராய்ச்சிக்கூடங்களின் பெரிய பெரிய கணக்குகளை ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிப் போட்டுத் திருப்பிக் கொடுக்கும் மென்பொருள். தன்னைப் போலத் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துபோகும் நோய்க்கும் அதில் ஒரு கணக்கு நடக்கிறது என்று அவள்தான் கண்டுபிடித்தாள். குரல் கட்டிலைத் தாண்டாத நாட்கள் அவை. ஒரு விரலால் திரையில் எழுத்து எழுத்தாகக் கோத்து, நான்தான் சும்மா கிடக்கிறேன், இதாவது வேலை செய்யட்டும் என்றாள்.

எங்கே அழுத்த வேண்டும் என்று அவள் காட்டக் காட்ட, அவர் அழுத்தினார். அப்பா எதை எடுத்தாலும் ஸ்குரூ முறுக்குவதுபோலவே அழுத்துகிறார் என்று கிண்டல் வேறு.

அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். சூடேறினால் மெஷின் படுத்துவிடும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா? தன் பங்குக்குக் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, தூசியை ஊதி, சூட்டுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கும் பெரிய விசிறி ஒன்றைப் பொருத்திவிட்டார். வீட்டுக்குள் மாவு மில் வைத்துவிட்டார்கள் என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்று நிமிடம் மவுசை யாரும் தொடவில்லை என்றால் கணக்கு தொடங்கும், விசிறி ஏறும். தொட்டால் கணக்கு நிற்கும், விசிறி இறங்கும்.

வீட்டின் முன்னறைதான் அவர் பட்டறை. கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் காது மட்டும் உள்ளேதான் இருக்கும். விசிறி இறங்கினால் மகள் விழித்துவிட்டாள். அப்படியே போட்டுவிட்டு உள்ளே போவார். தண்ணீர் கொடுப்பார், கழுத்தை நேராக்குவார், காலைத் திருப்பி வைப்பார். கட்டிலோரம் அவர் மாட்டிக்கொடுத்த அழைப்பு மணி மாதக்கணக்கில் அடிக்கவே இல்லை. அடிக்க வேண்டிய தேவையே தான் வைப்பதில்லை என்று உள்ளூர ஒரு பெருமை.

ஆனால் விசிறி ஏறுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

முன்பெல்லாம் அவள் தூங்கினால்தான் ஏறும். இப்போது காலையிலேயே ஏறுகிறது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே ஏறுகிறது. முடித்த கணக்கு எவ்வளவு என்று திரையில் ஒரு எண் கூடிக்கொண்டே போகும். மகளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம். அது கூடக் கூட அவள் விரல் ஓய்ந்துகொண்டு வருகிறது என்பது அவருக்கு மட்டும்தான் உறைத்தது. விசிறி எழும்பும் அந்த நொடியில் கையிலிருக்கும் ஸ்பானர் அப்படியே நின்றுவிடும். இது இறங்குமா, இறங்காதா?

இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? கணினி தெரிந்த அக்கா மகனுக்குப் போன் போட்டு, எந்நேரமும் ஒரே மாதிரி ஓட என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டார். நாலு பேருக்கு நல்லது நடக்கட்டும் என்று நினைக்கிற மனசு மாமாவுக்கு என்று அவன் மெச்சிக்கொண்டே வழி சொன்னான்.

டிக்கை எடுத்தாயிற்று. அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால்தான் மணி இருக்கிறதே. விசிறி ஏறியது, இறங்காமல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மதியம் வேலை ஓடிய ஓட்டம் அவருக்கே ஆச்சரியம். இரண்டு வாரமாக இழுத்துக்கொண்டிருந்த ஃபிரிட்ஜுக்குக் கேஸ் ஏற்றி முடித்தார். உள்ளிருந்து வந்தது வெறும் சத்தம், அவ்வளவுதான். அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. வெகுநாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. ஏதோ ஒரு மெட்டைக்கூட முணுமுணுத்தார்.

மனைவி வேலை முடிந்து வந்தாள். தோள்பையோடு நேரே மகளின் அறைக்குள் போனவள் அவரை ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். போட்டது போட்டபடி உள்ளே ஓடினார்.

தலையணை நழுவி, மகளின் தலை கட்டில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. முகம் கறுத்திருந்தது. வழிந்த எச்சில் விரிப்பில் காய்ந்தே போயிருந்தது. இருவருமாகத் தூக்கி நிமிர்த்தினார்கள். மூச்சு இழுத்து இழுத்து, மெல்லத்தான் வழிக்கு வந்தது.

"இவ்வளவு நேரம் இப்படியே கிடந்தியா? மணிய அடிச்சிருக்கலாமில்லடி?" மனைவி அழுதாள்.

மகளின் விரல் மவுசின் மேல் அசைந்தது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'மணிய அமுக்கத் தெம்பு போயி ரொம்ப நாளாச்சும்மா. மவுச ஆட்டுனா விசிறி இறங்கும். அப்பா வந்துருவாரு.'

விரல் இளைப்பாறியது. பிறகு இன்னும் ஒரு வரி.

'இன்னிக்கு இறங்கவே இல்ல.'

அவர் பழைய மவுசை எடுத்து, அந்தக் கட்டத்தில் டிக்கைத் திரும்பப் போட்டார். விசிறி இறங்கி அடங்கியது. கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, மகளின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் விசிறி ஏறத் தொடங்கியது.