தூதரகம் கேட்ட கல்யாணப் படம்

"கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. உங்க பொண்டாட்டிதானே, பக்கத்து வீட்டுக்காரியா?"

போட்டோகிராபர் வக்தி கேமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினான். வெள்ளை கவுனில் நின்ற அப்ராஹ் அரை அடி நெருங்கி வந்தாள். நஷ்வான் தன் பங்குக்கு அரை அடி விலகிக்கொண்டான்.

கெய்ரோவில் ஃபைசல் தெருவில் ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்கு ஏமன்காரர்கள் புதிதில்லை. விசாவுக்காகப் பொய்க் கல்யாணம் கட்டுகிறவர்களும் புதிதில்லை. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவனுக்கு ஒரு கர்வமே உண்டு. இது அந்த ரகம்தான் என்று இவர்கள் உள்ளே நுழைந்தபோதே முடிவு கட்டிவிட்டான்.

வந்ததும் பேசியதெல்லாம் நஷ்வானின் அக்கா ஹூரியாதான்.

"ஏமன்ல குடுத்த கல்யாணச் சான்றிதழ் இருக்குண்ணே. ஆனா அங்க சண்டை நடக்குதாம், எங்க ஊர் முத்திரை குத்தின எந்தத் தாளையும் நம்ப மாட்டாங்களாம். கல்யாண போட்டோ கொண்டா, பொண்டாட்டி விசா தர்றோம்னுட்டாங்க தூதரகத்துல. தம்பிக்கு வெளிநாட்டுல ரொட்டிக்கடை வேலை. வர்ற வியாழக்கிழமை அவன் திரும்பிப் போகணும்."

"சான்றிதழ்ல என்ன தேதி?"

"ஆறு வருஷத்துக்கு முந்தி."

வக்தி சிரித்துவிட்டான். "ஏம்மா, கல்யாணத்தன்னிக்கு ஒரு போட்டோ கூடவா எடுக்கல?"

"எங்க ஊர்ல ஆம்பளைங்க விருந்து ஒரு வீட்டுல, பொம்பளைங்க விருந்து வேற வீட்டுல. வாசல்லயே போனையெல்லாம் வாங்கி வச்சுக்குவாங்க. பொண்ணு படம் வெளிய போச்சுன்னா மானம் போச்சு."

"கதை நல்லாத்தான் இருக்கு. அந்த ஆபீசர்கிட்டயும் இதையே சொல்றதுதானே?"

"சொன்னோம்ணே. அவரும் இப்படித்தான் சிரிச்சார்."

வக்தி வேலையில் இறங்கினான். தெர்மாகோல் கேக்கைத் தூசி தட்டி மேசையில் வைத்தான். படம் ஆறு வருஷம் பழசாகத் தெரிய வேண்டுமே, நஷ்வானின் தாடியில் எட்டிப் பார்த்த நரைக்கு மை தீட்டினான். அப்ராஹ் முகத்திரையைக் கழற்றி ஹூரியாவிடம் கொடுத்தாள். வெற்று முகத்தோடு அன்னிய ஆண் முன்னால் நிற்பது அவளுக்குப் பெரிய கூச்சமாக இருந்தது, கண்ணை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"ம், கையைப் பிடிங்க."

சூடான பாத்திரத்தைத் தொடுகிறவன் மாதிரி நஷ்வான் அவள் விரல் நுனியைத் தொட்டான். அக்கா பார்க்கிறாள் என்றதும் விட்டுவிட்டான்.

"ரெண்டு பேரும் முன்ன பின்ன பாத்திருக்கீங்களா, இல்ல இன்னிக்குத்தான் அறிமுகமா?"

"அடுத்தவங்க முன்னாடி பழக்கமில்ல," என்றான் நஷ்வான். அவன் காது சிவந்துவிட்டது.

"பழக்கமில்லயாம்," என்று வக்தி முணுமுணுத்தான். "சரி, வலது கையைத் தூக்கி அவ தோள்ல போடுங்க."

"அந்தக் கை வேணாம்," அப்ராஹ் பட்டென்று சொன்னாள். "மேல வராது. மீறித் தூக்கினா ராத்திரி பூரா வலிக்கும். அவரு இந்தப் பக்கம் நிக்கட்டும்."

பரவாயில்லை, பாடம் நன்றாகத்தான் ஏறியிருக்கிறது என்று வக்தி நினைத்துக்கொண்டான். ஆபீசர் கேட்டால் இதெல்லாம் உதவும்.

ஆனால் சிரிக்கச் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். கண் மை கன்னத்தில் இறங்கியது.

"பொய் சொல்ற மாதிரி இருக்கு," என்றாள் நஷ்வானிடம், மெதுவாக. "இந்த டிரஸ்ஸு, இந்தக் கேக்கு... இதெல்லாம் அல்லாவுக்கே பொறுக்காது."

"எனக்கு மட்டும் ஆசையா? அவங்க கேக்குறது இதைத்தான். வேற என்ன இருக்கு நம்ம கையில?"

"கண்டுபிடிச்சுட்டா?"

"நீ இங்க, நான் அங்க. படம் குடுக்கலேன்னாலும் அதேதான்."

சொல்லும்போதே அவன் குரல் உடைந்துவிட்டது. வக்திக்கே பாவமாகப் போய்விட்டது. பொய்யோ மெய்யோ, இப்படித் தவிக்கிறார்களே என்று மனம் இளகி, கைக்குட்டையை நீட்டினான்.

"தொடச்சுக்கம்மா. கல்யாணப் பொண்ணு வெக்கப்படலாம், இப்படி இடிஞ்சு போயி நிக்கக் கூடாது. ஒரே ஒரு படம், நல்லா சிரிச்சுடு, முடிஞ்சுது."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சிரிப்பு என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று உதட்டில் வந்தது. வக்தி பொத்தானில் விரலை வைத்தான்.

அந்த நேரம் பார்த்து, வெளியே ஹூரியாவின் வீட்டுக்காரரோடு உட்கார்ந்திருந்த சிறுமி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். ஐந்து வயதிருக்கும். புதுச் சட்டை, ரிப்பன் கட்டிய தலை. நேராகப் போய் இருவருக்கும் நடுவில் புகுந்து, கேமராவைப் பார்த்து இளித்தாள்.

"நானும்! நானும் நிக்கிறேன்!"

வக்திக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. "அட, நிக்கட்டுமே! குழந்தைங்க இல்லாத கல்யாண வீடு உண்டா? பாக்குறவங்களுக்கும் நம்பிக்கை வரும். யார் வீட்டுப் பொண்ணா இருந்தா என்ன?"

நஷ்வான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஹூரியா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்ராஹ் கவுன் கசங்குவதைப் பார்க்காமல் முழங்காலிட்டு, சிறுமியின் கன்னத்தைத் தடவினாள்.

"வெளிய போயி இரு, கண்ணு. உன் உம்மா வாப்பா கல்யாணத்தப்போ நீ இன்னும் பொறக்கவே இல்ல."