வெளுத்த வார்

மாரியம்மன் கோயில் முன்னால் எருதாட்டம் நடக்கிறது. திமில் நிறைய மஞ்சள் அப்பிய காளையை இரண்டு பக்கமும் தோல்வடம் பிடித்துச் சுற்றி வருகிறார்கள். இடப்பக்க வடத்தில் முதல் பிடி அன்பரசுவுடையது. "எம் பொண்டாட்டி பின்னுனதுங்க, ஆனையக் கட்டுனாலும் அறாது" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். அந்தப் பொண்டாட்டி கலைமணிக்குக் காளை கண்ணில் படவே இல்லை. வடத்தையே வெறித்துக்கொண்டு நிற்கிறாள். வெயிலில் ஈரம் காயக் காய, பின்னிய நான்கு வார்களில் ஒன்று மட்டும் வெளுத்துக்கொண்டு வருகிறது. அது வயிற்றுத் தோல். இழுக்க இழுக்க இளகிக் கொடுக்கும், கடைசியில் அறுந்துபோகும். சாட்டைக்கென்று ஒதுக்கி வைத்த வார். அண்டாத் தண்ணீரில் ஊறும்போது எல்லாம் ஒரே நிறம். பின்னும்போது மாற்றி எடுத்துவிட்டாள். காளை தலையை உலுக்குகிறது. வெளுத்த வார் நூலாய் மெலிகிறது. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் ஓடி, "ஏனுங்க, அந்த வடம் ஆகாதுங்க! உட்டுப்போட்டு வாங்க!" என்று கத்துகிறாள். பறைச் சத்தத்தில் அவள் வாய் அசைவது மட்டும்தான் அவனுக்குத் தெரிகிறது. பெருமை தாங்காமல் கத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். வடத்தை ஒருமுறை தட்டிக் காட்டுகிறான். பிறகு அவள் பார்க்கட்டும் என்று, வடத்தைக் கைக்குக் கை இழுத்துக் குறுக்கிக்கொண்டே கொம்புக்கு ஒரு முழத் தூரத்தில் போய் நிற்கிறான்.