இயல்பு நிறம்

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேனைக் கண்ணை மேலே உருட்டச் சொல்லி, கட்டைவிரலால் அவர் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது.

உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. செவிலி உதவியாளர் பரீட்சை. தேறினால் ஆஸ்பத்திரியில் வேலை, இல்லையென்றால் பட்டன் தைக்கும் அதே பெஞ்சு.

வாய்மொழிக் கேள்வியில் வெளுத்து வாங்கியிருந்தாள். ‘பாலர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருளும் பிறப்பும் கேட்டார் பரீட்சை வைத்த மேடம். சொல் பிறந்த கதை தெரிந்தால் நோயும் மறக்காது என்பது அந்த அம்மாளின் கட்சி.

உடம்பு வெளிறிப்போதல் என்றாள். வெளுத்துப்போவதற்கு லத்தீன்காரர்கள் வைத்திருந்த வினைச்சொல்லில் பிறந்தது. வெளிர் நிறத்தைச் சொல்லும் ‘பேல்’ அதற்கு உடன்பிறப்பு. கதிகலங்குவதைச் சொல்லும் இன்னொரு ஆங்கிலச் சொல்லும் அதே குடும்பம்தான், பயத்தில் முகம் வெளுப்பதைத்தான் முதலில் அது குறித்தது. கீழிமை, நகம், உள்ளங்கை என்று பார்க்க வேண்டிய இடங்களையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். மேடம் முழு மதிப்பெண் போட்டார்.

சொல் தெரிந்தது. நிறத்துக்கு அவளிடம் இருந்தது ஒரே ஒரு கண்தான்.

அது தங்கையின் கண்.

தபாலில் வந்த பாடப்புத்தகம் ஜெராக்ஸ் பிரதி. ‘இயல்பு’ என்று ஒரு கண், ‘வெளிறல்’ என்று ஒரு கண். இரண்டுமே சாம்பல் நிறத்தில் ஒன்று போலவே இருந்தன. அதனால் தங்கையின் கண்ணையே இயல்பு என்று வைத்துக்கொண்டாள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன கேடு வந்துவிடப்போகிறது.

இரண்டு வருஷம், வேலை விட்டு வந்ததும் வெளிச்சம் போவதற்குள் தங்கையை ஜன்னலோரம் உட்காரவைத்து இமையை இழுப்பாள்.

“பாலர் பள்ளிக்கூடம் தொறந்தாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் தங்கை கண்ணை உருட்டுவாள்.

இவள் நோட்டில் தேதி போட்டு ‘இயல்பு’ என்று எழுதி அடிக்கோடு இடுவாள்.

நாலு படி ஏறினாலே தங்கைக்கு மூச்சு வாங்கும். சாக்பீஸைக் கடித்துத் தின்பாள். சுவரையாவது விட்டு வை என்று அம்மா வைவாள். டாக்டரிடம் காட்டிவிடலாமா என்று அம்மா இழுத்தபோதெல்லாம், நான்தான் தினமும் பார்க்கிறேனே என்று சொல்லி இவள் வாயை அடைத்துவிட்டாள்.

வாட்ச்மேனுக்குக் கண்ணில் அழற்சி என்று சொன்னாள். வாட்ச்மேன் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. தன் இமையைத் தானே இழுத்துக் காட்டினார். அதுவும் அதே சிவப்பு. நல்ல ரத்தம் ஓடினால் இந்த நிறம்தான் என்றார்.

அடுத்த ஸ்டூலில் வார்டிலிருந்து கூட்டிவந்த ஒரு பெண். இமையை இழுத்தாள். உரித்த பூண்டின் நிறம்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. வழி தவறிப்போன தெருவில் தெரிந்த முகத்தைப் பார்த்தது போல.

“இது இயல்பு, மேடம்.”

அந்தப் பெண்ணின் உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை என்று மேடம் தணிந்த குரலில் சொன்னார். பிறகு, யார் கண்ணைப் பார்த்துப் படித்தாய் என்று கேட்டார்.

தங்கை கண்ணை என்று சொன்னாள். சொல்லும்போதே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்திலேயே செத்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

“பயப்படாதம்மா. மாத்திரையிலயே சரியாயிடும். நாளைக்கே அவள இங்க கூட்டிட்டு வா.”

எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அவள் வாய்தான் கேட்டது. பத்து மணிக்கு என்றார் மேடம்.

பையிலிருந்து நோட்டை எடுத்தாள். கடைசியாக எழுதிய பக்கம் தானாகத் திறந்துகொண்டது. பத்து வாரத்துக்கு முந்தைய தேதி, பக்கத்தில் ‘இயல்பு’, அதன் கீழே அழுத்தமான கோடு.

அந்தத் தேதிக்கு மறுநாள் காலையில்தான் அம்மா எத்தனை தடவை எழுப்பியும் தங்கை எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் இருந்த பக்கங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. அவற்றில் ஒன்றில் ‘பத்து மணி’ என்று எழுதிக்கொண்டாள்.