சூட்டோடு ஒரு சாட்சி

பொழுது சாய்ந்ததும் பேகல் என்கிற வளைய ரொட்டி வாங்க எந்தக் கடைக்குப் போவது என்று மில்டன் கேட்டதுதான் தாமதம், குவீன்ஸில் உள்ள அவர் வீட்டுக் கூடத்தில் மருமகன்கள் இருவரும் வரிந்துகட்டிக்கொண்டு வாதத்தில் இறங்கிவிட்டார்கள்.

வருஷா வருஷம் மூத்தவன் இர்விங் சொல்லும் கடைதான் ஜெயிக்கும். இந்தத் தடவையாவது மாமனாரிடம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டுமென்று இளையவன் ஷெல்டனுக்குத் தவிப்பு, பாவம்.

“ரயிலடிக் கடைதான் மாமா. மேலே மொறுமொறுன்னு இருக்கும், உள்ளே நல்லா இழுக்கும்,” என்றான் இர்விங்.

“பல்லையும் சேர்த்து இழுக்கும், சகலை! முக்குக்கடை பேகல் முன்னாடி அதெல்லாம் சைக்கிள் டயர்,” என்றான் ஷெல்டன்.

“என்னிக்கோ தின்னதை வச்சுப் பேசாதே. முக்குக்கடையில மாவு பிசையற ஆளே மாறியாச்சு. இப்ப வாயில வைக்க முடியாது.”

“யார் சொன்னா? இன்னிக்குக் காலையில தின்னேன், அடுப்புலேருந்து எடுத்த சூட்டோட! எள்ளு ஒவ்வொண்ணும் நாக்குல பொரியுது!”

ஜெயித்துவிட்ட பெருமையோடு ஷெல்டன் திரும்பிப் பார்த்தான். அவன் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அன்று யூதர்களின் யோம் கிப்பூர் நாள். முந்தின நாள் மாலையிலிருந்து அந்த வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பாவமன்னிப்பு நோன்பு இருந்தார்கள்.

“சின்ன மாப்பிள்ளை சொல்ற கடையிலேயே வாங்குவோம்,” என்றார் மில்டன், சாவதானமாக. “எங்களுக்கு மட்டும் வாங்கினாப் போதும். அவர்தான் காலையிலேயே சாப்பிட்டாச்சே!”