கடலுக்குக் கட்டுச்சோறு

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திய பெனிட்டா பாதிக் கடலிலேயே நடுங்கிப்போனாள். படகில் தூக்கிப் போட்டார்கள். "நீச்சல்ல குறையில்லம்மா, உடம்புலதான் கொழுப்பே இல்ல. குளிருக்குப் போர்வையும் அதுதான், வழிக்குக் கட்டுச்சோறும் அதுதான்" என்றார் பயிற்சியாளர் சகாயம்.

அன்றிலிருந்து நெய்யும் தேங்காய்ப்பாலும் மத்தி மீனுமாகச் சாப்பிட்டாள். முதலில் வயிறு மந்தித்தது, பிறகு பழகிக்கொண்டது. இடுப்பில் மடிப்பு விழுந்தது. "பொண்ணு பாக்க வர்ற நேரத்துல இப்படி ஊதிட்டியே!" என்று அத்தை சொன்ன அன்று அழுதாள். அழுதுகொண்டே இன்னொரு கரண்டி நெய் ஊற்றிக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு மறுபடியும் தலைமன்னாரில் குதித்தாள். போன தடவை நடுங்கிய இடம் வந்ததும் சகாயம் படகிலிருந்து கவலையோடு எட்டிப் பார்த்தார். "குளிருதா?"

"இல்ல சார். உள்ள அடுப்பு எரியுது!" என்று சிரித்தபடி கை வீசினாள்.

தனுஷ்கோடி மணலில் அவள் ஏறியதும் சனம் ஆரவாரித்தது. அவளோ கடலையே திரும்பிப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"நீந்தியே திரும்பிப் போகலாமா சார்?" இடுப்பு மடிப்பைக் கிள்ளிக் காட்டினாள். "இன்னும் மிச்சமிருக்கு."