அடிச் சீட்டு

தையற்காரர் ஆர்டர் சீட்டுகளை மேசைக் கம்பியில் குத்தி வைப்பார். மேலே இருப்பதைத்தான் முதலில் தைப்பார். முதலில் கொடுத்தவர்களின் சீட்டு அடியிலேயே கிடக்கும். அவர்கள் வந்து கத்திவிட்டுப் போவார்கள்.

"இன்னையிலேர்ந்து பழசுதான் முதல்ல" என்று அன்று ஏக உற்சாகமாகக் சீட்டுக் கட்டைக் கவிழ்த்தார்.

எதிரே நின்றவள் அடிச் சீட்டை வெடுக்கென்று உருவினாள்.

"அப்ப என் கோட்டுதான் முதல்ல. பதினோரு வருஷம் ஆச்சு, டைலரே. 'அடுத்த வாரம் வாங்க'ன்னு சொல்லியே நடையா நடக்க விட்டீங்க."

"அது அப்பவே தைச்சு முடிச்சாச்சு" என்று அலமாரியிலிருந்து கோட்டை எடுத்தார்.

"பின்ன ஏன் குடுக்கலை?"

"குடுத்திருந்தா அதுக்கப்புறம் வந்திருக்க மாட்டீங்களே."

அவள் கோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பள்ளி விட்டு ஓடிவந்த சிறுமி இருவருக்கும் நடுவில் புகுந்தாள்.

"அப்பா, அம்மா ஏன் இப்படி முழிக்கிறாங்க?"

"உங்கப்பாவோட திருட்டுத்தனம் இன்னைக்குத்தான் வெளிய வந்திருக்கு" என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள். "கல்யாணத்துக்கப்புறமாவது குடுத்திருக்கலாம்ல?"

"குட்டு உடைஞ்சிடுமே."

அவள் சிரித்துக்கொண்டே கோட்டைப் போட்டுப் பார்த்தாள். பித்தான் எட்டவில்லை.

"பிரிச்சுப் பெரிசாக்கணும். எப்ப கிடைக்கும்?"

அவர் சீட்டை வாங்கி மறுபடியும் கம்பியில் குத்தினார்.

"அடுத்த வாரம் வாங்க."